நாலு சக்கர ஸ்கூட்டரும் இரண்டு போர்டுகளும்

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பதினேழு வருடமாக ப்ரூஃப் பார்க்கிறேன். தினசரித் தாள், மாதத் தாள் இரண்டும். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் என்று எல்லாமே என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஒரு சஷ்டியை நான் தவறவிட்டால் ஒரு ஊரே தப்பான நாளில் பட்டினி கிடக்கும். இதுவரை அப்படி யாரும் கிடந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்குத் திருத்தங்கல்லில் செல்போன் ரிப்பேர் கடை, எங்கள் வீடும் அங்கேதான். நான்கு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. ஊன்றுகோல் வைத்துப் பத்தடி நடப்பார், பதினோராவது அடிக்கு உட்கார இடம் பார்ப்பார். அவர் வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அதில் ஏற, இறங்க, ஊர் சுற்ற யாருடைய கையும் அவருக்கு வேண்டாம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் வரதட்சணை, சீர் என்று எதுவும் அவர் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒரு நிபந்தனை சொன்னார். "என்னை யாரும் தூக்கப்படாது. நீயும் தூக்கப்படாது." சரி என்றேன். அவர் எடைக்கு நான் தூக்குவதாகவும் இல்லை.

அன்று காலையில் நான் வழக்கமாகப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன். அவரைக் கடையில் இறக்கிவிட்டு அவர் ஸ்கூட்டரை நான் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அவருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. "சாயங்காலம் கடை அடைக்கதுக்குள்ள வந்துரணும்" என்றார். "உங்க வண்டிய நான் என்ன தின்னுருவேனா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். பகலில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் காலண்டர் ப்ரூஃபைக் காட்டி ஓகே வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆபீஸ் லாரி புக்கிங் கடைகள் இருக்கும் தெருவில் இருக்கிறது. தீபாவளி லோடு போகிற சமயம். தெருவில் மனுஷன் நிற்கவே இடமில்லை, இதில் வண்டிக்கு எங்கே போவது.

ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அந்தக் கம்பத்தில் இரண்டு போர்டு. மேலே பழைய போர்டு: இந்தப் பக்கம் செவ்வாய், வியாழன், சனி வண்டி நிறுத்தக் கூடாது. கீழே புதிய போர்டு: இந்தப் பக்கம் திங்கள், புதன், வெள்ளி வண்டி நிறுத்தக் கூடாது, வியாழக்கிழமைகளில் லோடு லாரி தவிர எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது. புதிதை மாட்டியவர்களுக்குப் பழையதைக் கழற்ற ஏணி கிடைக்கவில்லை போலும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாராளமாக நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நாய் கூட வராது. இந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறியை ஒரு பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது. அதில் தாய்மாமன்மார் பதினோரு பேர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் படித்தவள். நின்று நிதானமாக இரண்டு போர்டையும் வாசித்தேன். வெள்ளிக்கிழமை மேல் போர்டு நிறுத்தலாம் என்கிறது, கீழ் போர்டு கூடாது என்கிறது. மேலே இருப்பது மூத்தது, மூத்ததற்குத்தான் மரியாதை என்று முடிவு செய்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். இருபது நிமிடத்தில் திரும்பினேன். பதினோரு தாய்மாமன்மாரும் அப்படியே இருந்தார்கள். வண்டியைக் காணோம்.

எதிரே டீக்கடைக்காரர் சொன்னார்: "இப்பத்தான் போலீஸ் வண்டியில தூக்கிட்டுப் போறாக மதினி. சைடு வீல் இருந்துச்சா, கொக்கியில சிக்கல. நாலு பேரு கூடி ஏத்துனாக. நல்ல கனம் போல."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

"டீ ஆத்திக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பிடித்த வண்டிகளைப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தின் பின்பக்கம் வேலி போட்ட இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே இருந்த போலீஸ்காரர் ரசீதை நீட்டினார். அபராதம் தனி, தூக்கி வந்த கூலி தனி. ரசீதில் இருசக்கர வாகனம், நான்கு சக்கர வாகனம் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. நான்கு சக்கரத்தில் டிக் அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். அவர் எழுந்து போய் வண்டியின் சக்கரத்தை விரல் வைத்து எண்ணிக் காட்டினார். நாலுதான். அவர் மேல் தப்பில்லை. வண்டியை எடுக்க வேண்டுமானால் பணம் கட்டிவிட்டு, விதியை மீறியதை ஒப்புக்கொள்கிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஒரே கம்பத்துல ரெண்டு போர்டு வச்சுட்டு, மீறிட்டேன்னு நான் எழுதித் தரணுமா? எதை மீறினேன்னு நீங்க முதல்ல எழுதித் தாங்க."

"கையெழுத்துப் போடலைன்னா வண்டி இங்கனதாம்மா நிக்கும்."

"நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு அதை எடுக்க முடியவில்லை.

சாயங்காலம் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கட்டிட்டு எடுத்துட்டு வந்துரு" என்றார். "செய்யாத தப்புக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்று எகிறினேன். கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினால், ஆட்டோவின் படி உயரம், அவரால் ஏற முடியவில்லை. ஆட்டோக்காரர் நல்ல மனுஷன், "வாங்க அண்ணாச்சி" என்று கேட்காமல் கொள்ளாமல் இரண்டு கையையும் கொடுத்து அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் வீடு வரும்வரை வெளிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அந்த ரசீதைப் ப்ரூஃப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அதில் இல்லாத பிழை இல்லை. தெருப் பெயர் வேறு. வண்டி நிறம் வேறு. நான்கு சக்கரம் என்ற கூத்து வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி பதினெட்டு என்று சரியாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கிழமையை வியாழன் என்று அடித்திருந்தார்கள். அதை வட்டமிட்டு ஓரத்தில் 'வெள்ளி' என்று எழுதினேன். அன்று காலையில் நான் முதலில் பார்த்த தாளே பதினெட்டாம் தேதித் தாள்தான். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அது கழியட்டும் என்று காத்திருந்துதான் கம்பெனியை விட்டே கிளம்பினேன். எனக்கா கிழமை தெரியாது?

மனு எழுதினேன், ஆறு அம்சம். போர்டுகள் முரண்படுவது ஒன்று, ஃபிளெக்ஸ் இரண்டு, சக்கரக் கணக்கு மூன்று, மாற்றுத்திறனாளி வண்டியைத் தூக்கியது நான்கு. ரசீதில் கிழமையே தவறு, கிழமை தெரியாதவர்கள் கிழமைக்கு அபராதம் போடக் கூடாது என்பது ஐந்து. அந்த ஐந்தாவதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். ஆறாவது, நியாயம் வேண்டும் என்பது. கம்பத்தை எடுத்த போட்டோக்களைப் பின் அடித்து, திங்கட்கிழமை லீவு போட்டு, பஸ் ஏறி விருதுநகர் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பட்டா கேட்டு நின்ற அம்மாவின் மனுவிலும் இரண்டு இடத்தில் திருத்தம் போட்டுக் கொடுத்தேன். என் மனுவை வாங்கி, சீல் வைத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகம் என்பது வண்டி நிற்கிற அதே அலுவலகம். விருதுநகர் வரை போய்த் திரும்பவும் அதே வேலிக்கு வந்து சேர்ந்தேன்.

இதற்கிடையில் அவர் மூன்று நாள் அந்த ஆட்டோவில் கடைக்குப் போனார். காலையில் ஒரு தூக்கு, சாயங்காலம் ஒரு தூக்கு. நான்காம் நாள் கண் வலி என்றார். ஐந்தாம் நாள் கடைத்தெருவில் கூட்டமே இல்லை என்றார். ஆறாம் நாள் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வீடு தேடி வந்தவர்களின் போனை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் படத்தான் செய்தது. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஒருத்தி இம்புட்டு அலைகிறாள், ஒரு வார்த்தை நல்லபடி சொன்னால் என்ன?

"உங்களுக்காகத்தானே இத்தனையும்" என்றேன்.

"எனக்கு வண்டி வந்தாப் போதும்" என்றார்.

"வரும். மரியாதையா வரும்."

"மரியாதை மெதுவா வரட்டும். வண்டி முதல்ல வரட்டும்" என்றார். நான் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வண்டி அவர் பெயரில் இருப்பதால் அவரும் நேரில் வர வேண்டும். போய்ப் பார்த்தால் அதிகாரியின் அறை மாடியில். படிக்கட்டு குறுகல், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதியில் நின்றுபோனது. அவரைக் கீழேயே வைத்து விசாரியுங்கள் என்று கேட்டுப்பார்த்தேன். கம்ப்யூட்டர் மேலே இருக்கிறதாம்.

"வேண்டாம், விட்டுரு. கட்டிட்டுப் போவோம்" என்றார் அவர்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு விடச் சொல்லுதீகளா? ஒரு பத்து நிமிசம். எனக்காக."

அவர் ஊன்றுகோல் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரும் வாசலில் நின்ற இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒருவர் "மெல்ல, மெல்ல" என்றார். இன்னொருவர் "சுவத்துல இடிச்சுராத" என்றார். பீரோ ஏற்றும்போது அப்படித்தான் பேசுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்னாலேயே ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு, மனுவில் முதலில் எந்த அம்சத்தைப் பேசுவது என்று யோசித்தபடி ஏறினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத்தான் யோசித்தேன்.

அதிகாரி சின்ன வயசு. ஜலதோஷம் பிடித்திருந்தது. மனுவை முழுசாகப் படித்திருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. "போர்டு விஷயம் வாஸ்தவம்தான்மா, கழட்டச் சொல்லிட்டேன்" என்றார். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "ஃபிளெக்ஸும் வாஸ்தவம்தான். நாலு சக்கரம்னு போட்டது எங்க தப்பு." மறுபடியும் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்குள் நின்ற அவர் வண்டி அங்கிருந்து தெரிந்தது.

"அஞ்சாவதுதான் புரியலை" என்றார் அதிகாரி. "ரசீதுல கிழமை தப்புன்னு எழுதியிருக்கீங்க. பதினெட்டு வியாழன்தானேம்மா?"

"வெள்ளி சார்."

"வியாழன்மா."

"சார், நான் பதினேழு வருசமா காலண்டர் ப்ரூஃப் பாக்குறவ. கிழமைய எனக்குச் சொல்லுதீகளா?"

அவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். பதினெட்டு, வியாழன். காலண்டர் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கீழே எங்கள் கம்பெனி பெயர் இருந்தது. போன வருடம் நான் பார்த்த ப்ரூஃப். அதில் தப்பு இருக்க வழியே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலண்டர் கம்பெனியில் ஆடி பிறந்துவிட்டால் நாங்கள் யாரும் இந்த வருடத்தில் இருப்பதில்லை. மேஜையில், சுவரில், கண்ணில், கனவில் எல்லாம் அடுத்த வருடம்தான். அடுத்த வருடப் பதினெட்டு வெள்ளிக்கிழமை. காலையில் நான் பார்த்தது அந்தத் தாள். நான் கழியட்டும் என்று காத்திருந்தது அடுத்த வருடத்து ராகு காலம். சீசனில் ஞாயிறும் வேலை என்பதால் கிழமையைச் சுட்டிக் காட்டவும் ஆளில்லை. அதற்கு மறுநாள் ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை வந்து போயிருக்கிறது. எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு வெள்ளி. அது எனக்கு உறைக்கவே இல்லை.

"வாரத்துல மத்த நாள் எல்லாம் அந்த ரெண்டு போர்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது" என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கூடாதுன்னு ரெண்டும் சேந்து சொல்றது வியாழன் ஒண்ணுதான்மா." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என் தப்புதான் சார்" என்றேன். பதினேழு வருடத்தில் அந்த வார்த்தையை ஒரு ஆபீசுக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நான்கு சக்கரத்தை இருசக்கரமாகத் திருத்திப் புது ரசீது கொடுத்தார். முதல் நாளே மாடியேறி வந்து சொல்லியிருந்தால் மாற்றுத்திறனாளி வண்டி என்று எச்சரித்து அன்றைக்கே விட்டிருப்போமே என்றும் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பிழையும் தென்படவில்லை. உண்மையில் நான் வாசிக்கவே இல்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மேலே எழுதும்போது அதை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன். முதல் நாள் சாயங்காலம், நான் ரசீதில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார். "இன்னைக்கு வியாழக்கிழமைதான?" என்று கேட்டார். "செல்போன் கழட்டுறவுக கழட்டுற வேலையப் பாருங்க, கிழமைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு பதினோரு நாளும் அவர் கிழமையைப் பற்றிப் பேசவில்லை. பத்தாவது நாள் ராத்திரியில் கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என்ன பதில் சொல்லுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அறையை விட்டு வெளியே வந்தோம். ஆட்டோக்காரரும் இன்னொருவரும் மறுபடி கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். "வேண்டாம்ப்பா" என்றார் அவர். மேல் படியில் உட்கார்ந்தார். கையை ஊன்றி, உடம்பை நகர்த்தி, அடுத்த படிக்கு இறங்கினார். பிறகு அடுத்தது. வேட்டியெல்லாம் அழுக்கு. மேலே ஏற வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். இருபத்திரண்டு படி. நான் எண்ணினேன், வேறு என்ன செய்ய? ஒன்பதாவது படியில், "என்னங்க, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவருக்குக் கேட்டது. கால் இரண்டையும் கையால் எடுத்துக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, "முதல்ல வண்டி" என்றார்.

வேலிக்குள் வண்டி தூசி படிந்து நின்றது. இடது பக்கச் சக்கரம் லேசாக வளைந்திருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்தார், ஒரு எம்பு எம்பினார், சீட்டில் இருந்தார். ஊன்றுகோல்களை வாங்கிப் பக்கத்தில் செருகினார். இரண்டாவது தடவை பட்டனை அழுத்தியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. வழக்கமாக, நான் பின்னால் உட்கார அவர் சற்று முன்னால் நகர்ந்து இடம் விடுவார். நான் பின்னால் போய் நின்றேன். அவர் நகரவில்லை.

"நீ பஸ்ஸுல வந்துரு" என்றார். முகத்தில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கேட்டைத் தாண்டி, திருத்தங்கல்லுக்குத் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் மறுபக்கம் போனார்.

நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். சோறு வடித்தேன். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். போய்த் தேட எனக்கு அவர் வண்டியை விட்டால் வேறு வழி தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு பக்கம் கிறீச் கிறீச்சென்று சக்கரம் உரச வாசலில் வண்டி வந்து நின்றது. அவரே இறங்கினார். நான் கதவோரத்திலேயே நின்றேன், கிட்டப் போகவில்லை.

"எங்க போனீக இம்புட்டு நேரம்?"

"ஏழாயிரம்பண்ணை வரைக்கும்."

"அம்புட்டுத் தூரமா? அங்கன என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல" என்றார்.